ஒற்றைத் தோட்டாவும் மூக்குப்பொடியும்

மரத்தடியில் பாயை விரித்து இரண்டு துப்பாக்கிகளையும் கிடத்தியிருந்தார்கள். இழவு வீட்டில் பிணத்தைச் சுற்றி நிற்பதுபோல ஊர் ஆண்கள் சுற்றி நின்றார்கள். தொடத்தான் ஒருவருக்கும் துணிவில்லை, பேசுவதற்குக் குறைச்சலில்லை.

மன்யாமே ஆற்றங்கரை வேட்டை முகாமை மூடிவிட்டுத் தாடிக்காரர் கிளம்புகிறார். வெள்ளைக்காரர்தான். ஆனால் அந்தக் காட்டிலேயே பிறந்து அந்தக் காட்டிலேயே நரைத்தவர். அந்தப் பக்கத்துக் கொரேகொரே பேச்சில் ஒருவன் அவரை ஒன்று திட்டினால் அதே பேச்சில் மூன்றாகத் திருப்பிக் கொடுப்பார். "என்கிட்ட இருக்கிற ரெண்டுல ஒண்ணை ஊருக்கு விட்டுட்டுப் போறேன். எதுன்னு நீங்களே பாத்து எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, இப்போது மரத்தில் சாய்ந்து குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு என்றால் மார்வெய்க்கு என்று பொருள். சிதுவி ஊரின் காட்டுக் காவல்காரி அவள்தான். யானை சோளக்கொல்லையில் இறங்கினாலும், சிங்கம் ஆட்டுப்பட்டியை வலம் வந்தாலும், கதவைத் தட்டுவது அவள் வீட்டுக் கதவைத்தான். புருஷன் போனபிறகு அவன் பார்த்த வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஊரின் பழைய துப்பாக்கி போன மழைக்காலத்தோடு செத்துப்போயிற்று. அதன் குழல் வீங்கி, விசை தளர்ந்து, இப்போது அவள் வீட்டுக் கூரையில் பூனைக்குப் பாலமாக இருந்தது.

அவசரமும் ஒன்று இருந்தது. எவனோ திருட்டுத்தனமாகக் கட்டிய கம்பிக் கண்ணியில் கிழட்டுக் காட்டெருமை ஒன்று முன்னங்காலை விட்டுவிட்டது. கம்பியை அறுத்துக்கொண்டு வந்ததே தவிர, கம்பி காலை விடவில்லை. சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்துவிட்டது. வலி தாங்காத அந்த ஜீவன், ஆற்றுக்குப் போகிற வழியில் முட்புதருக்குள் படுத்துக்கொண்டு, போகிற வருகிறவர்மேல் எல்லாம் தன் வலியைத் தீர்த்துக்கொண்டது. தண்ணீருக்குப் போன மார்வெயின் ஓரகத்தியைத் தூக்கி எறிந்ததில் அவள் இடுப்பெலும்பு உடைந்து மிஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அன்றிலிருந்து ஊரில் யாரும் ஆற்றுக்குப் போவதில்லை. காய்ந்த ஓடையைத் தோண்டி, ஊறுகிற சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

விடிந்தால் மார்வெய் அந்தப் புதருக்குள் போகவேண்டும். அவளுக்கு எப்போதும் தடம் பார்க்கிற கபேசா முன்னால் போவான். உள்ளே போகிற இரண்டு பேரும் இரண்டு பேராகவே திரும்பி வருவது, இந்தப் பாயில் எதை எடுக்கிறாள் என்பதில்தான் இருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ஊர்த்தலைவர் சிகோம்பா. கையிலிருந்த தடியால் முதல் துப்பாக்கியைக் காட்டினார். "இது வயித்துல நாலு தோட்டா தாங்குது. அது ஒண்ணே ஒண்ணு தின்னும், ஒண்ணே ஒண்ணு துப்பும். நாலு பெரிசா, ஒண்ணு பெரிசா?"

"தலைவருக்குப் பொண்டாட்டி ரெண்டு. அதான் எல்லாத்தையும் எண்ணிக்கையிலயே பாக்குறாரு" என்றான் கபேசா.

சிரிப்பு எழுந்தது. சிகோம்பாவும் தடியை ஓங்குவதுபோல் ஓங்கிவிட்டுச் சிரித்தார்.

"ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த ஒத்தைத் தோட்டாவைப் பாத்தீங்களா?" என்று ஒருவன் குனிந்தான். "எங்க வீட்டு உலக்கைப் பூண் மாதிரி இருக்கு."

"அதைச் சுட்டா எருமை விழுதோ இல்லையோ, இந்தம்மா விழுந்துடும்" என்றான் இன்னொருவன்.

மார்வெய் முன்னால் வந்தாள். குனிந்து நாலு தோட்டாத் துப்பாக்கியை எடுத்தாள். நல்ல துப்பாக்கிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாடிக்காரர் கையில் அது யானையைச் சாய்த்ததைப் பார்த்திருக்கிறாள். வலத் தோளில் வைத்துப் பார்த்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

அவளுடைய சங்கடம் அங்கே கபேசா ஒருவனுக்குத்தான் தெரியும். மார்வெய் பிறவியில் இடக்கைக்காரி. இடக்கையால் கொடுப்பதும் வாங்குவதும் பெரியவர்களைச் செருப்பால் அடிப்பதற்குச் சமம் என்று, சின்ன வயதில் அவள் அப்பா அந்தக் கையை மரநாரால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவைத்தார். கை அடங்கியது. களி உருட்டுவது, மண்வெட்டி பிடிப்பது, கும்பிடுவது என்று எல்லாம் வலக்கைக்குப் போய்விட்டது. ஆனால் கண்ணை யாரும் கட்டவில்லை. குறி பார்க்கும்போது அவளுக்கு இடக்கண்தான் முன்னால் வரும். வலத் தோளில் துப்பாக்கியை வைத்து இடக்கண்ணால் பார்க்க, கழுத்தைக் கோழிபோல் திருகவேண்டும். இடத் தோளில் வைத்தாலோ குறி அச்சாக விழும். ஆனால் அடுத்த தோட்டாவை ஏற்றும் பிடி வலப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். கையைத் துப்பாக்கிக்கு மேலே சுற்றிக் கொண்டுவந்து, அதைத் தூக்கி, இழுத்து, தள்ளி முடிப்பதற்குள் காட்டெருமை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போய்விடும். பழைய துப்பாக்கியோடு இந்தப் பாட்டை அவள் வருஷக்கணக்காகப் பட்டாள், வெளியே சொல்லாமல்.

இப்போது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியை எடுத்தாள். கனமாக இருந்தது, ஆனால் நீளமில்லை. கனம் முழுவதும் இரண்டு கைக்கும் நடுவில், இடுப்பில் உட்கார்ந்த பிள்ளைபோல் இருந்தது. அடியில், விசைக்குக் கீழே ஒரு வளைந்த பிடி. அதைக் கீழே தள்ளினாள். உள்ளே இரும்பு அடைப்பு வழுக்கிக்கொண்டு இறங்க, குழலின் பின்வாய் திறந்தது. மேலே இழுத்தாள், 'டக்' என்று மூடியது. பிடி நட்டநடுவில் இருந்தது. அதற்கு இடம் வலம் கிடையாது.

கபேசா அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ன சாவிரா, மாப்பிள்ளை பிடிச்சிருக்கா?" என்றான். "பிடிச்சிருந்தா ஒழுங்காக் கட்டிப் பிடி. ஊரு பாக்குதேன்னு வெக்கப்படாதே."

சாவிரா என்றால் உறவுமில்லை, வெறும் நட்புமில்லை. பாட்டன் முப்பாட்டன் காலத்தில் இரண்டு குடும்பங்கள் கைகோத்துக்கொண்ட விஷயம். ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் மற்றவர்தான் பிணத்தைக் குளிப்பாட்டவேண்டும், குழி வெட்டவேண்டும், செத்தவனைப்போலவே நடந்தும் இருமியும் காட்டி அழுகிறவர்களைச் சிரிக்கவைக்கவேண்டும். கடைசிக் காரியம் செய்கிறவன் என்பதால் உயிரோடிருக்கும்போது என்ன ஏசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மார்வெய் பழைய ராஜா வம்சம். அந்த வம்சத்துக்கே சாவிரா கபேசாவின் குடும்பம்.

மார்வெய் துப்பாக்கியைத் தூக்கினாள். ஊர் பார்க்க, இடத் தோளில் வைத்தாள்.

சிகோம்பா மெதுவாக, "மகளே, தோள் மாறிப்போச்சு" என்றார்.

"மாறல, தலைவரே. என் தோள் இதுதான்."

தாடிக்காரர் தூரத்தில் இருந்த கறையான் புற்றின்மேல், உள்ளே வெள்ளை மாவு நிறைந்த பெருக்கமரக்காய் ஒன்றை வைத்துவிட்டு வந்தார். கட்டைவிரல் தடிமனில் இரண்டு தோட்டாக்களை அவளிடம் கொடுத்தார். ஒன்றை உள்ளே போட்டாள். இன்னொன்றை, குழலைத் தாங்குகிற வலக்கை விரலிடுக்கில் செருகிக்கொண்டாள். வெடித்தது. மூட்டை தூக்குகிறவன் தோளில் மேலேயிருந்து இன்னொரு மூட்டையைப் போட்டதுபோல உதை வந்து இறங்கியது. ஓரடி பின்னால் போனாள், விழவில்லை. காய் இருந்த இடத்தில் வெள்ளைத் தூள் பறந்தது. சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வருவதற்குள் பிடி இறங்கி, காலிக்கூடு அவள் தோளுக்குமேல் துள்ளிப் போய், அடுத்த தோட்டா உள்ளே போய், அடைப்பு மூடியிருந்தது.

"நீங்க சொல்லுங்க, தாடிக்காரரே. எது நல்லது?" என்றார் சிகோம்பா.

"நான் சொல்ல மாட்டேன். புதருக்குள்ள போறது நான் இல்ல."

"இதுக்குத் தோட்டா எங்க கிடைக்கும்?"

"என்கிட்ட டப்பா டப்பாவா இருக்கு, எல்லாத்தையும் குடுத்துட்டுப் போறேன். பழைய காலத்துச் சரக்கு. பெரிய கூடு, அழுத்தம் குறைச்சல். நம்ம ஊரு வெயில்ல சூடேறினாலும் குழல்ல ஒட்டிக்காது, தானா வெளிய வரும். அதை மட்டும் சொல்லுவேன்."

சிகோம்பா தாடையைத் தேய்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஊருக்கு ஒரு துப்பாக்கி, அது வீணாகப் போய்விடக் கூடாதே என்ற கவலை. "சரி. நாளைக்கு அது உன் கையில நின்னுச்சுன்னா ஊர்த் துப்பாக்கி அதுதான். சிக்கிச்சுன்னா, தாடிக்காரரு லாரி ஏறுறதுக்குள்ள அந்த நாலு தோட்டாவை வாங்கி என் தங்கச்சி மவன் கையில குடுத்துருவேன், ஆமா. மனசுல வச்சுக்காதே."

"சிக்கிச்சுன்னா மனசுல வச்சுக்க ஆளு இருக்க மாட்டா தலைவரே" என்றான் கபேசா. "நான்தான் குழி வெட்டணும். அதுவும் இந்தக் கட்டாந்தரையில."

மத்தியானம் துப்பாக்கியைச் சாமியாடியிடம் கொண்டுபோகவேண்டும். புதிதாக ஓர் ஆயுதம் காட்டுக்குள் போகிறதென்றால் காட்டுக்குச் சொந்தக்காரரிடம் சொல்லாமல் போகலாமா? அந்தப் பக்கத்துக் காடு முழுவதும் செத்துப்போன பழைய ராஜாவுக்குச் சொந்தம். அவர் சிங்கத்தின் உடம்பில் திரிகிறார். பேசவேண்டியபோது சாமியாடிக் கிழவர்மேல் வந்து இறங்குகிறார். பெட்ரோல் வாசனை அவருக்கு ஆகவே ஆகாது. லாரி போகிற பாதைப் பக்கம்கூட கிழவர் வரமாட்டார். தாடிக்காரரின் துப்பாக்கியோ தலை முதல் கால் வரை எஞ்சின் எண்ணெய் நாற்றம்.

மார்வெய் அதைச் சாம்பல் போட்டுத் துடைத்தாள். வெறும் இரும்பாக விட்டால் வியர்வை பட்டுத் துருவேறும் என்று, வீட்டில் இடித்துப் பிழிந்த நிலக்கடலை எண்ணெயைத் தடவினாள். கடலை எண்ணெய் இரும்புக்கு ஆகாது, நேரமானால் பிசினாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ராத்திரியே துடைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

சாமி இறங்கியிருந்தது. கிழவர் கறுப்புத் துணி போர்த்து, கண் சொருகி உட்கார்ந்திருந்தார். கை தட்டிக் கும்பிட்டுத் துப்பாக்கியை முன்னால் வைத்தார்கள். இனி மூக்குப்பொடி போடவேண்டும். எந்தப் பொருளானாலும் அதன் வாயில்தான் பொடி வைப்பது வழக்கம். மண்வெட்டிக்கு அதன் கூரில், ஓடத்துக்கு அதன் மூக்கில், அந்தக் காலத்து நாட்டுத் துப்பாக்கிக்குக் குழல் நுனியில்.

கிழவர் கை குழல் நுனிக்குப் போனது. கபேசா குறுக்கே புகுந்தான்.

"ஐயா, இதுக்கு வாய் அங்க இல்ல. இது பின்னால தின்னு முன்னால துப்புற ஜாதி." பிடியைத் தள்ளிப் பின்வாயைத் திறந்து காட்டினான். "இதோ, இதுதான் வாய்."

அவனுக்கு அதில் அவ்வளவு பெருமை. நாளைக்கு அந்தத் துப்பாக்கிக்கு முன்னால் நடக்கப்போகிறவன் அவன். பொடி சரியான இடத்தில் விழவேண்டும் என்கிற அக்கறை அவனுக்கில்லாமல் யாருக்கு இருக்கும்?

கிழவர் தாராள மனதுக்காரர். கொம்புச் சிமிழைக் கவிழ்த்துக் கை நிறையப் பொடியை எடுத்து, திறந்த வாய்க்குள் பொழிந்தார். அடைப்புக்கும் பள்ளத்துக்கும் நடுவில், எண்ணெய்ப் பிசுக்கின்மேல், கருப்பாக அது இறங்கியது. மார்வெய் தடுக்க வாயெடுத்தாள். சாமி இறங்கியிருக்கும்போது கபேசாவைப்போலக் குறுக்கே பேச அவளுக்கு உரிமையில்லை. எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள்.

"விடியற வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்" என்றது சாமி. கறுப்புத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

காலையில் ஆற்றுப்பாதை பிரிகிற இடத்தில் வைத்துத்தான் அவளால் துணியைப் பிரிக்க முடிந்தது. பிடியைத் தள்ளினாள். பாதியில் நின்றது. இன்னும் அழுத்தினாள். மணல் அரைக்கிற ஆட்டுக்கல்போலக் கரகரத்துக்கொண்டு இறங்கியது. தோட்டாவை உள்ளே விட்டாள், மயிரிழை வெளியே நின்றது. பிடியை மேலே இழுத்தால் வரவில்லை. முழங்காலில் வைத்துக் குத்தினால்தான் மூடியது.

கபேசா பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"பொடியா?"

"பொடியும் எண்ணெயும். களி மாதிரி ஆயிருச்சு."

"முத தோட்டா போகும்ல?"

"போகும். ரெண்டாவது போகாது."

"முத தோட்டாலயே விழுந்துரும்."

"விழலைன்னா?"

மார்வெய் இடுப்புத் துணியின் முனையைக் கிழித்தாள். "இரு, துடைச்சுடறேன்."

"துடைக்காதே."

"கபேசா!"

"துடைக்காதேடி. கேளு." அவன் குரலில் விளையாட்டு இல்லை. அவனை அப்படி அவள் பார்த்ததேயில்லை. "துப்பாக்கி உன் கையில இருக்கும். என் கையில ஒரு குச்சி. குனிஞ்சு தரையைப் பாத்துக்கிட்டே போவேன், தலை நிமிர முடியாது. போன தடவை சிங்கத்துக்கு முன்னால போனேன், அதுக்கு முன்னால அந்த ஒத்தைத் தந்த யானைக்கு முன்னால போனேன். ஏன் போனேன்னு நினைக்கிற? தைரியமா? ஒரு மண்ணும் இல்ல. பொடி போட்டிருக்கு, ராஜாப் பெரியவர் பாத்துக்குவாருங்கிற ஒரே நினைப்புத்தான். அந்தப் பொடிதான் எனக்குச் சட்டை. அதைத் துடைச்சுட்டு என்னை முன்னால போகச் சொன்னா, என் கால் வராது. நடிக்கலை, வராது."

மார்வெய் கீழே உட்கார்ந்துவிட்டாள். துடைக்காமல் போனால் துப்பாக்கி சிக்கும். துடைத்துவிட்டுப் போனால் இவன் கால் சிக்கும். தரையையும் புதரையும் ஒரே ஆள் பார்க்க முடியாது. பார்த்தவர்கள் யாரும் திரும்பி வந்து எப்படியென்று சொன்னதில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றால், லாரி கிளம்புவதற்குள் அந்த நாலு தோட்டாத் துப்பாக்கி ஊருக்கு வந்துவிடும். சிகோம்பாவின் தங்கை மகன், நல்ல பிள்ளை, முயலைத் தவிர எதையும் சுட்டறியாதவன், இதே புதருக்குள் போவான். அவனுக்கு முன்னாலும் கபேசாதான் போகவேண்டும்.

"நீ வேணாம்" என்றாள். "நான் தனியாப் போறேன்."

"போ, போ. சாயங்காலம் வந்து பொறுக்கிக்கிறேன். கூடை எடுத்துட்டு வரவா, சாக்கா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. அவனும் எதிரே குந்தினான். குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தவன், ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கப்பா செத்தப்ப யாரு குளிப்பாட்டினது?"

"எங்கப்பாதான். இப்ப எதுக்கு அது?"

"வாயில நுரை தள்ளியிருந்துச்சு. பெத்த பிள்ளை நான் தொடக் கூடாது. உங்கப்பாதான் வாயைத் திறந்து விரலை விட்டுத் துடைச்சாரு. 'ஏண்டா, சாகும்போதும் என் பங்கையும் சேத்துத் தின்னியா'ன்னு ஏசிக்கிட்டே." நிறுத்தினான். "அந்தப் பெரிய ராஜா யாரு? உன் வம்சம். உன் வம்சத்துக்கு நான் யாரு?"

"சாவிரா."

"அப்ப அவருக்கும் நான்தானே சாவிரா? செத்தவன் வாயைத் துடைக்க எனக்கு உரிமை இருக்குன்னா, அவரு வாய் வச்ச இடத்தைத் துடைக்கவும் எனக்குத்தான் உரிமை. நீ தொட்டா குத்தம். நான் தொட்டா கேலி. கொண்டா இங்க."

தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு அவள் துப்பாக்கியைக் கொடுக்க, அவன் அதை மடியில் வைத்துக்கொண்டான். நடுநடுவே மேலே பார்த்துக்கொண்டு, வழியில் பொறுக்கி வைத்திருந்த முள்ளம்பன்றி முள்ளால் பள்ளத்தைச் சுரண்டினான்.

"பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. ராஜாவா இருந்து என்ன? பொடி போடத் தெரியலையே. மூக்குல போடச் சொன்னா தொண்டையில போட்டுட்டீங்க, பொண்ணு இருமுறா பாருங்க. கீழ கொட்ட மாட்டேன். உங்க எச்சில், வீணாப் போகக் கூடாது. நானே எடுத்துக்கிறேன். உங்க காவல் என் தலைக்குள்ளேயே இருக்கட்டும்."

சுரண்டியதையெல்லாம் உள்ளங்கையில் சேர்த்து, இரண்டு மூக்கிலும் ஏற்றிக்கொண்டான். கண் இரண்டும் நெருப்பாகச் சிவந்தது.

"ஐயோ, சாவிரா! கடலை எண்ணெயில தாளிச்ச பொடி!"

பிசுக்கு போகவில்லை. அவன் தயங்கித் தயங்கி இடுப்பிலிருந்து ஒரு புட்டியை எடுத்தான். காய்ச்சின சாராயம்.

"இது எதுக்கு?" என்றாள்.

"பாம்பு கடிச்சா."

"பாம்புக்கா, உனக்கா?"

"யாரு முதல்ல மயங்குறாங்களோ அவங்களுக்கு." புட்டியை அவளிடம் கொடுக்கும்போது அவன் முகம், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் முகம்போல இருந்தது. அவள் துணியை நனைத்து உள்ளே விட்டுத் தேய்த்தாள். பிசுக்கு கரைந்து கறுப்பாக வடிந்தது. பிடியைத் தள்ளினாள். இறங்கியது. தோட்டாவை உள்ளே விட்டு இழுத்தாள். 'டக்'.

"கால் வருமா?" என்றாள்.

கபேசா எழுந்து இரண்டடி நடந்து பார்த்தான். "வருது."

புதருக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது. சாம்பல் பையை உதறிக் காற்றைப் பார்த்தார்கள். சாம்பல் அவர்கள் முகத்துக்கே வந்தது. காற்று நல்ல காற்று, இவர்கள் வாடை எருமைக்குப் போகாது. தடம் தெளிவாக இருந்தது. மூன்று கால் பதிந்து, நாலாவது கால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. இடையிடையே சீழ் சொட்டிய இலைகள். கபேசா அந்தக் கோட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். காட்டெருமை அவன் குலக்குறி. அதன் இறைச்சி அவன் நாக்கில் படக் கூடாது. அதை மாமா என்றுதான் சொல்லுவான். 'மாமாவுக்குக் கால் ரொம்ப முடியலை' என்று சைகை காட்டினான்.

பேச்சு அதோடு முடிந்தது. குனிந்து அவன் போக, அவன் முதுகுக்குமேலே பார்த்துக்கொண்டு மார்வெய் போனாள். இடத் தோளில் துப்பாக்கி. வலக்கை விரலிடுக்கில் அடுத்த தோட்டா. முள் சட்டையைப் பிடித்து இழுத்தால் நின்று, எடுத்துவிட்டு, மறுபடி போனார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் கபேசாவின் முதுகு ஒரு மாதிரியாக நடுங்குவதைக் கண்டாள். பயம் வந்துவிட்டதோ என்று நினைத்தாள். அவன் பாதி திரும்பினான். மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்திருந்தான். கண்ணிலிருந்து நீர் தாரையாகக் கொட்டியது. நெஞ்சு மேலே ஏறி ஏறி நின்றது. அவளுக்கு விஷயம் விளங்கியது. 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினாள். அவனும் 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினான். ஆனால் அது அவன் கையில் இல்லை.

தும்மினான்.

அப்படி ஒரு தும்மலை அந்தக் காடு கேட்டிருக்காது. எதிர் மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்தது. அதே நொடி வலப்பக்கத்துப் புதர் வெடித்தது.

தடம் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தடத்துக்குச் சொந்தக்காரன் வளைந்து திரும்பி வந்து, தன் பழைய வழிக்குப் பக்கத்திலேயே, வருகிறவர்களைத் தாண்டிப் போகவிட்டுப் பின்னாலிருந்து எடுப்பதற்காகப் படுத்திருந்தான். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் இரண்டு பேர் முதுகும் அவனுக்குக் கிடைத்திருக்கும். தும்மல் சத்தத்தில் பொறுமை போய் முன்னாலேயே எழுந்துவிட்டான்.

வலப்பக்கம் திரும்புவது இடத் தோள்காரிக்குச் சுலபம். இடுப்பைத் திருப்பினால் போதும், துப்பாக்கி தானே கூட வரும். கொம்பு இரண்டும் இலையைக் கிழித்துக்கொண்டு வந்தன. மூக்கு நீட்டியிருந்தது. அந்த மூக்குக்குக் கீழே, கழுத்து நெஞ்சில் சேர்கிற இடம் அவளுடைய இடக்கண்ணுக்கு முன்னால் வந்தபோது விசையை இழுத்தாள்.

உதையில் அவள் மரத்தில் மோதினாள். எருமை முன்னங்காலில் சரிந்து மண்ணை உழுதது. உழுதுகொண்டே எழுந்தது. ஒதுங்கப் பாய்ந்து விழுந்த கபேசா அதற்கு நேர் முன்னால், முள்ளில் சட்டை மாட்டி, எழ முடியாமல் கிடந்தான்.

மார்வெய் எதையும் யோசிக்கவில்லை. கட்டிப்போட்டு அடக்கிய அந்தக் கை தானே வேலை செய்தது. பிடி இறங்கியது, வழுக்கிக்கொண்டு இறங்கியது. காலிக்கூடு துள்ளியது. இடக்கை வலக்கை விரலிடுக்கிலிருந்து தோட்டாவை உருவி உள்ளே விட்டது. 'டக்'. குழல் நுனிக்கும் எருமைக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம்கூட இல்லை. இரண்டாவது வெடி.

அது விழுந்தது. விழுந்து, பிள்ளையைப் பறிகொடுத்தவள்போல நீளமாக ஒரு குரல் எடுத்துக் கத்தி, அடங்கியது.

பிறகு மார்வெய் போய், எருமையின் காலில் சதைக்குள் புதைந்திருந்த கம்பியைப் பார்த்தாள். "பாவம்" என்றாள். கபேசா முள்ளிலிருந்து சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து, அதன் தலைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு மெதுவாகக் கை தட்டினான். "மாமா, வலி போச்சா? கோவம் வேணாம். கம்பி கட்டினவன் வீட்டுக்குப் போங்க, எங்க வீட்டுக்கு வராதீங்க."

சொல்லி முடித்ததும் இன்னொரு தும்மல் வந்தது.

"அது என்னடா, இப்ப?" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகப் போய், நிற்கவேயில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவளை மாதிரியே முகத்தைக் கோணி அழுது காட்டினான். அவள் அவனை அடிக்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.

மத்தியானத்துக்குள் பெண்கள் குடத்தோடு ஆற்றுக்குப் போய்விட்டார்கள். மரத்தடியில் இறைச்சி வெந்தது. சிகோம்பா துப்பாக்கியை வாங்கிப் பிடியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இதுல ஏன்டா சாராய வாசம் அடிக்குது?"

"பெரியவரு ஒரு வாய் குடிச்சாரு" என்றான் கபேசா. "பொடி மட்டும் போட்டா தொண்டை காயாதா?"

சிகோம்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னமோ புரிந்தது போலும், மேலே கேட்கவில்லை. "சிக்கலையே?" என்றார் மார்வெயிடம்.

"சிக்கல, தலைவரே."

"அப்ப ஊர்த் துப்பாக்கி இதுதான்." அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "அந்தத் தோட்டா டப்பாவெல்லாம் உன் வீட்டுக்கே போகட்டும். இனிமே சாமிகிட்ட கொண்டுபோனா குழல் நுனியிலயே பொடி வைக்கச் சொல்லுங்க." புரியத்தான் புரிந்திருந்தது.

எல்லோரும் களியும் இறைச்சியுமாக உட்கார்ந்தபோது கபேசா தள்ளிப் போய் உட்கார்ந்தான். மாமாவைத் தின்ன முடியாதே. மார்வெய் அவனுக்கென்று தனிச் சட்டியில் கீரையை வேர்க்கடலைப் பொடி போட்டுக் கிண்டியிருந்தாள். களியின்மேல் அதை ஊற்றிக்கொண்டு அவனிடம் போனாள்.

போனவள் ஒரு நொடி நின்றாள். பிறகு தட்டை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி, அதே கையால் அவனிடம் நீட்டினாள். பக்கத்திலிருந்த கிழவி ஒருத்திக்கு மூச்சே நின்றுவிட்டது.

கபேசா தட்டையும் பார்த்தான், கையையும் பார்த்தான்.

"கடலைதானே?" என்றான். "எண்ணெய் இல்லையே?"

பிறகு முழங்காலை மடக்கி, தலைவருக்கு முன்னால் செய்வதுபோல உள்ளங்கைகளைக் குவித்து நிதானமாகத் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான்.